நீ தட்டு, நான் தூக்குறேன்

எனக்கு டைப்ரைட்டிங் தெரியும். வந்த வினை அதுதான்.

என் அப்பா மில் தொழிலாளி. காலம் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். பெண்ணாவது நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று, பள்ளிக்கூடம் முடிந்த கையோடு முதலியார்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் என்னைச் சேர்த்துவிட்டார். லோயர் பாஸ் செய்தேன். ஹையருக்குப் போவதற்குள் நர்சிங் சீட் கிடைத்தது, போய்விட்டேன். அப்பாவுக்கு அதில் பெரிய மனக்குறை. நர்சுக்கும் வார்டில் நாற்காலி போட்டிருக்கிறார்கள் அப்பா, உட்காரத்தான் நேரம் இருக்காது என்று விளையாட்டாகச் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

அந்த நாற்காலி பிற்பாடு எனக்குக் கிடைத்தது. கிடைத்த விதத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டும். சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன்.

புதுச்சேரி டவுனில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எலும்பு முறிவும் ஆபரேஷனும் பார்க்கிற பெண்கள் வார்டு. அங்கே எனக்கு ஜோடியாக டூட்டி போடப்பட்டவள் என்னைவிட மூத்தவள், கடலோரத்துக் குருசுக்குப்பத்துக்காரி. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். பெரிய குரல் அவளுக்கு. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி இப்படி ஆகிவிட்டது என்று அவளே சாக்கு சொல்வாள். வார்டின் கடைசிக் கட்டிலில் மணி அடித்தால் இந்தக் கோடியிலிருந்தே "வந்துட்டேன்" என்பாள். கால் இன்னும் கிளம்பியிருக்காது, குரல் முதலில் போய்விடும். வலியில் படுத்திருப்பவர்களுக்கு அந்தக் குரல் கேட்டாலே முகம் மாறும்.

அவளைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அப்படி எழுதினால் அவளே என்னைத் திட்டுவாள். மீன் குழம்பு டப்பாவைத் திறந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். பிடிக்காத டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரமாகப் பார்த்து பாத்ரூமுக்குப் போய்விடுவாள். எழுதுவது என்றால் அவளுக்கு வேப்பங்காய். பி.பி. எழுத வேண்டிய கட்டத்தில் ஜுரத்தை எழுதி வைத்து, கேட்டால், "ரெண்டும் நம்பர்தானே" என்பாள்.

அதனால் கேஸ் ஷீட் எழுதுகிற காலத்திலேயே அவளுக்கும் சேர்த்து நான்தான் எழுதினேன். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வேலையை மாற்றிக்கொள்வது எங்கள் வார்டில் எல்லோரும் செய்வதுதான். இடுப்பு வலிக்காரி மருந்து ட்ரேயை எடுத்துக்கொள்வாள், வாந்தியைப் பார்த்தால் குமட்டுகிறவள் புண்ணைக் கட்டப் போவாள். யாரும் கணக்கு வைத்ததில்லை. நான் எழுதி முடித்ததும் அக்கா வந்து அவள் செய்ததற்கு நேராக, கோழி கிளறியது போல ஒரு கையெழுத்துப் போடுவாள். எழுத்து என்னுடையது, கையெழுத்து அவளுடையது. யார் செய்தார்கள் என்பது அதில் தெளிவாக இருந்தது.

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் வார்டுக்குக் கணினி வந்தது. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மாத்திரை, ஊசி, பி.பி., நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தது, எல்லாவற்றையும் இனி இதில்தான் போட வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு நர்சுக்கும் தனியாக ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. அக்கா தன் மகளின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்து, மறந்துவிடக் கூடாதே என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முதல் வாரத்திலேயே அவள் கைவிட்டுவிட்டாள். ஒரு விரலை நீட்டிக்கொண்டு எழுத்தைத் தேடுவாள், கிடைக்காது, பெட்டியைத் திட்டுவாள். பிறகு என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நீ தட்டு, நான் தூக்குறேன்" என்றாள். "உன் பேஷண்டயும் நானே பாத்துக்கறேன். என்னுதயும் சேத்து நீ போட்டுடு. செரியா?"

சரி என்றேன். இரண்டு பேருக்குமே லாபமாகத்தான் தெரிந்தது. மற்ற வார்டுகளில் நர்சுகள் டூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குக் கிளம்பினோம். எனக்கும் வீட்டில் ஒரு சின்ன மகன் இருந்தான். அவள் கட்டிலுக்குக் கட்டில் போய்ச் செய்துவிட்டு அங்கிருந்தே சத்தமாகச் சொல்வாள், நான் தட்டுவேன். நோயாளிகளுக்கு என் முகம் மறந்தே போயிருக்கும், முதுகுதான் தெரியும். அக்கா இடுப்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வரும் நாள்களில் எனக்கு உறுத்தும். "நான் வரட்டா அக்கா?" என்று கேட்பேன். "நீ வந்தா இத யார் தட்டறது?" என்பாள். நான் திரும்பவும் உட்கார்ந்துகொள்வேன். உண்மையைச் சொல்வதென்றால், உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது.

இதில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருந்தது. கவனிக்கவில்லை என்பதுகூடப் பொய்தான், தெரிந்தே விட்டேன். கணினியில் கையெழுத்துப் போட இடம் கிடையாது. யார் பெயரில் திறந்தோமோ அந்தப் பெயர் ஒவ்வொரு வரியிலும் தானாக விழும். அக்கா செய்ததை அக்கா பெயரில் போட வேண்டுமானால் என் பெயரை மூடிவிட்டு அவள் பெயரில் திறக்க வேண்டும். எங்கள் கணினி ஆமை. மூடித் திறந்தால் திரையில் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கும், நோயாளியை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் மாற்றி மாற்றித் திறந்தேன். பிறகு சோம்பல் வந்துவிட்டது. என் பெயரிலேயே எல்லாம் போட்டேன். யார் பெயரில் இருந்தால் என்ன, நோயாளிக்கு மருந்து போய்ச் சேர்ந்தால் சரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ஓய்வு பெறும் நேரம் வந்தது. அடுத்தது அக்காதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்காவுக்கு அந்தப் பதவி எதற்குத் தேவைப்பட்டது என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். இன்சார்ஜுக்கு நைட் டூட்டி கிடையாது, காலையில் வந்து சாயங்காலம் போய்விடலாம். அவள் வீட்டுக்காரர் சுனாமியில் சொந்தப் படகைப் பறிகொடுத்துவிட்டு, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வேறு ஒருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். போனால் ராத்திரியெல்லாம் கடலில்தான். மாமியார் இருந்தவரை பெண்ணுக்குத் துணை இருந்தது. மாமியார் செத்துப்போன பிறகு, அக்காவுக்கு நைட் வருகிற வாரங்களில், பெரியவளாகி ஒரு வருடம்கூட ஆகாத அந்தப் பெண் வீட்டில் தனியாகப் படுத்தாள். அக்கா வெளியே பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள்.

"நெருப்பு புடிச்சா என்னாடி பண்ணும் அது" என்று ஒரு நாள் நைட் டூட்டிக்கு வந்ததும் கேட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்தான். இன்சார்ஜ் ஆயிட்டன்னா தெனம் ராத்திரி அது பக்கத்துல படுத்துக்குவேன்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆசை வந்தது. இவ்வளவு செலவு செய்து கணினி வாங்கினோமே, யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று அதையே கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தார்கள். அதுவும் கலர் கலராக ஒரு படம் போட்டுக் கொடுத்தது. அதைக் கொண்டுவந்து நர்சுகள் அறைச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கோடு. என் கோடு தாளின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அக்காவின் கோடு கண்ணுக்கே தெரியவில்லை.

அக்கா சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கொசு கடிச்ச தடம் மாதிரி இருக்குடி என் கோடு" என்றாள். நாங்களும் சிரித்தோம். அதை வைத்து முடிவு செய்வார்கள் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவள் தூக்கிப் புரட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் வார்டு முழுக்க இருந்தோமே, அந்தத் தைரியம்.

அடுத்த மாதம் என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

அக்கா என்னிடம் பேச்சை நிறுத்தினாள். அவள் நல்லவள், பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு துணி அலமாரிப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பின்னாலேயே போனேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காமலே சாப்பிட்டாள். பிறகு, "ஒரு நாளு வுட்டு ஒரு நாளாவது என் பேருல தொறந்திருக்கலாம்ல" என்றாள். "என் பொண்ணு பேருதானே. அடிக்க எம்மா நேரம் ஆவும்?"

எங்கள் நர்சிங் கண்காணிப்பாளரை என்.எஸ். மேடம் என்போம். மறுநாள் காலையில் அவர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில்தான் போனேன், அதில் பொய் இல்லை.

"மேடம், அந்தப் படத்துல என் பேருல இருக்கறதுல பாதிக்கு மேல அக்கா செஞ்சது. டைப் பண்ணது மட்டும்தான் நான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. "ஊசி போட்டது அவங்க. பதிவுல இருக்கறது உங்க பேரு. அப்படித்தான சொல்றீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீங்க குடுக்காத மருந்த நீங்க குடுத்ததா பதிவு பண்ணியிருக்கீங்க. இது எழுத்துல வந்தா ரெண்டு பேருக்குமே மெமோ. நாளைக்கு எந்த பேஷண்டுக்காவது ஏதாவது ஒண்ணுன்னா கோர்ட்டு வரைக்கும் போவும். அதனால நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. மருந்து குடுத்தது யாரு?"

அவர் எனக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டேதான் அதில் நுழைந்தேன்.

"நான்தான் மேடம்" என்றேன்.

"செரி, போய் வேலையப் பாருங்க" என்றார்.

வார்டுக்குத் திரும்பியபோது அக்கா ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூனைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "மேடத்துக்கிட்ட போனியாமே. கேட்டியா?"

"கேட்டேன் அக்கா. மேடம் ஒத்துக்கல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று பல வருடங்களாக எனக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் ஜெயித்ததில்லை.

"நீ போய்க் கேட்டியே, அது போதும்டி" என்றாள் அக்கா. அன்று மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டப்பா மூடியில் வறுத்த சங்கரா மீன் ஒன்றை எனக்கு எடுத்து வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். முள் எடுத்துச் சாப்பிடுகிற சாக்கில் தலை குனிந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு நைட் டூட்டி போடுகிற பொறுப்பு என் கைக்கு வந்தது. முதல் இரண்டு மாதம் அக்காவுக்கு நைட்டே போடவில்லை. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். மேடம் கூப்பிட்டுக் கேட்டார். மூன்றாவது மாதம் போட்டேன். பள்ளிக்கூடம் திறந்தபோது அக்கா தன் பெண்ணைக் கடலூரில் ஒரு கன்னியர் விடுதியில் கொண்டுபோய் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லையென்றால் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இங்கே நான் தினமும் ராத்திரி என் மகன் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். அவன் தூக்கத்தில் என் மேல் கால் போடும்போதெல்லாம் அக்காவின் பெண் நினைவுக்கு வருவாள்.

என்னால் முடிந்த பரிகாரம் என்று ஒன்று செய்தேன். அவரவர் செய்ததை அவரவர் பெயரில் அவரவரே போட வேண்டும், ஒருத்திக்காக இன்னொருத்தி போடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி, கட்டுப் போடுகிற டேப்பாலேயே கணினிக்கு மேலே ஒட்டினேன். இனிமேல் எந்த நர்சுடைய உழைப்பும் இன்னொருத்தி பெயரில் ஏறாது. நியாயமான காரியம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை. அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டச் சொல்லிக் கொடுத்தேன். முதலில், "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்றாள். நான் விடவில்லை. "அடுத்த தடவ உங்களுக்குதான் வரணும் அக்கா. உங்க கோடும் பெருசாவணும்" என்றேன். அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அதற்குப் பிறகு மறுப்பே சொல்லவில்லை. ஒரு விரலாலேயே கற்றுக்கொண்டாள். மாதத்துக்கு மாதம் சுவரில் அவள் கோடு வளர்ந்தது. மேடம் என்னைப் பாராட்டினார்.

வேலையை மாற்றிக்கொள்கிற பழைய வழக்கம் முடிந்துபோனதால் வார்டில் எல்லோருமே தட்ட ஆரம்பித்திருந்தோம். ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் உட்கார்ந்தாள். நோயாளியைப் புரட்ட இரண்டு பேர் வேண்டுமென்றால் இன்னொருத்தி கணினியிலிருந்து எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தது, ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை. அது ஒன்றுதான் அக்காவுக்கு நான் செய்த நன்மை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம். டூட்டி மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால். கடைசிக் கட்டிலில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு வயசான அம்மா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த அம்மா ஒரு சொல்தாவின் மனைவி. பெட் பான் வைத்தால்கூட "மெர்சி" என்று நன்றி சொல்வார், அவ்வளவு கூச்சம் அவருக்கு. போன வருடம் இன்னொரு பக்க இடுப்பு எலும்பு உடைந்தபோதும் எங்கள் வார்டில்தான் இருந்தார், அக்கா கைதான் அவருக்குப் பழக்கம். அவர் மணி அடித்தார்.

"வந்துட்டேன்" என்ற குரலுக்காக என் காது தானாகக் காத்திருந்தது. வரவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அக்கா கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டிக்கொண்டு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். மணி மறுபடியும் அடித்தது. "இருங்க, வரேன்" என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடியே.

நான் எழுந்து போனேன். அந்த அம்மாவுக்கு அவசரம். பெட் பான் வைக்க இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். எத்தனையோ நாளாகத் தூக்காத கை, எங்கே பிடிப்பது என்று தடுமாறியது. அவர் வலியில் முனகினார்.

"நீ வாணாம்மா. அவுங்க வரட்டும்" என்றார், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

"இதோ. நான் செஞ்சத மொதல்ல என் பேருல போட்டுட்டு வந்துடறேன். பாதியில வுட்டா மூடிக்குது" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் வருவதற்குள் விரிப்பு நனைந்துவிட்டது. அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஈரத்தை உருவி, அவரைத் துடைத்து, புது விரிப்பைப் போட்டு முடித்தேன். என்னையும் மீறிக் கண்ணீர் வந்தது, தோளில் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். புது விரிப்பைப் பார்த்தாள், என் கையில் இருந்த ஈரத் துணிச் சுருளைப் பார்த்தாள்.

"நீயே மாத்திட்டியா?" என்றாள். "போய் உன் பேருல போட்டுடு. என் பேருல ஏறிடப் போவுது."

அவள் பெயரில்தான் கணினி திறந்திருந்தது. அதை மூடிவிட்டு, மணல் கடிகாரம் நிற்கும்வரை காத்திருந்து, என் பெயரில் திறந்து போட்டேன்.